யூனியுஸ் சொன்ன பெயர்கள்

இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர்களின் துன்பத்தைப் பிரெஞ்சுக்கு மாற்றுவதுதான் என் தொழில். பாரிசில் ரூ பெர்தொனே என்ற தெருவில், நகைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவே, இரண்டு மேசையும் ஒரு போட்டோகொப்பி மெஷினும் கொள்ளுகிற அளவுக்கு ஓர் அறைதான் என் கடை. அகதி விண்ணப்பம் போடுகிறவர்கள் வந்து உட்கார்ந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் அதைக் 'கேஸ்' என்பார்கள்.

"ஒழுங்கை ஒழுங்கையாச் சொல்லுங்கோ அண்ணை. எந்தச் சந்தியிலை பிடிச்சவங்கள்? பக்கத்திலை ஆரின்ரை வீடு?" என்று நான் கேட்பேன். எங்கள் ஊரில் ஒழுங்கை என்றால் சின்னத் தெரு. தெருவும் பெயரும் இல்லாத கேஸைப் பிரெஞ்சு அதிகாரிகள் நம்பமாட்டார்கள். ஆரம்பத்தில் கேட்டு முடித்தபின் எனக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன். அலுத்துவிட்டது என்று சொல்வது பாவம்தான். ஆனாலும் அலுத்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் மகள் டிலானி கடைக்கு வந்தாள். வியாழக்கிழமை அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் சரித்திர ஆய்வின் வாய்மொழித் தேர்வு. திரான்சியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒத்திகை பார்க்க இடமில்லை, நீங்கள் இருந்து கேளுங்கள் என்றாள்.

"மலர் அன்ரி நூறு பற்றீஸ் பொரித்துக்கொண்டு வருகிறார். அவரும் வியாழக்கிழமை வந்து இருந்து கேட்கப்போகிறார்," என்றாள்.

மலர் அன்ரி என்பது செவ்ரானில் இருக்கும் மரியமலர் அக்கா. எங்கள் ஊர்க்காரி, டிலானியின் ஞானத்தாய். அவருடைய கணவரைத் தொண்ணூற்றாறில் ஆமிக்காரர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

நான் தமிழில் கேட்க டிலானி பிரெஞ்சில் பதில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அவள் பிரெஞ்சில் சொன்னதை இங்கே என் தமிழில் தருகிறேன். பெற்ற மகளிடமும் எனக்கு மொழிபெயர்ப்பு வேலைதான்.

ஜெர்மனியில் பாம்பேர்க் என்று ஓர் ஊர். அங்கே எண்ணூறு வருடத்துக்குக் கிட்ட, ஒருவர்பின் ஒருவராகக் கத்தோலிக்க ஆயர்கள் இருந்தார்கள். போகப்போக, ஆயராக வருகிறவரே நாட்டுக்கும் அரசர் ஆனாராம். பூசை வைப்பதும் அவர், வரி வாங்குவதும் அவர், ஆளைக் கொல்லச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதும் அவர். எங்கள் பங்குத்தந்தை கரோல் பாடப் போக ஒரு வான் வண்டி ஒழுங்குபண்ணவே இரண்டு மாதம் எடுப்பார். ஆயர் ஒருவர் நாட்டை ஆள்வதை நினைத்துப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அதிகநேரம் நிற்கவில்லை.

ஆயிரத்து அறுநூற்று இருபத்து மூன்றில் பதவிக்கு வந்த ஆயர் யொகான் கேயோர்க் பூக்ஸ் என்பவர். அவர் காலத்தில் மந்திரக்காரர், பிசாசோடு சேர்ந்தவர் என்று சொல்லி நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். அதற்கென்றே ஒரு சிறை கட்டினார்கள். ஹான் என்ற தலைமை அமைச்சர் விசாரணைகளில் கடுமை போதாதவர் என்று பெயரெடுத்தார். அவரையும் கொன்றார்கள், அவர் மனைவியையும் கொன்றார்கள். கடைசியில் சுவீடன் படை வர, ஆயர் ஊரைவிட்டு ஓடிப்போய் அந்நிய நாட்டில் செத்தார். எல்லா ஊர்ச் சரித்திரமும் இப்படித்தான் முடிகிறது என்று நினைத்துக்கொண்டு நான் கொட்டாவி விட்டேன்.

"கொஞ்சம் கேளுங்கள் அப்பா. என்னுடைய ஆள் இனித்தான் வருகிறார்," என்றாள் டிலானி.

அவளுடைய ஆள் யொகான்னெஸ் யூனியுஸ். அந்த நகரத்தின் மேயர், ஐம்பத்தைந்து வயது. பிசாசைக் கும்பிட்டாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். கைகளைப் பின்னால் கட்டி, எட்டுத் தரம் மேலே தூக்கி விழவிட்டார்கள். டிலானி அந்த இடத்தில் நிறுத்தி என் வலது கையைப் பார்த்தாள். அந்தக் கை தோளுக்கு மேலே போகாது. மேல் தட்டுப் பைல்களைக் கடைக்கு வருகிறவர்கள்தான் எனக்கு எடுத்துத் தருவார்கள்.

யூனியுஸ் கடைசியில் ஒரு கதையைக் கட்டிச் சொன்னார். அது போதவில்லை. கூட இருந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். ஒருவரையும் தெரியாது என்றார். அப்படியானால் தெருத் தெருவாகப் போவோம் என்றார்கள். நீண்ட தெருவில் உனக்குத் தெரிந்தவர் யார்? சொல். சரி, அடுத்த தெருவுக்கு வா. அங்கே யார்?

நான் பேனையைக் கீழே வைத்தேன். நான் தினமும் கேட்கிற கேள்வி அது.

சாவதற்கு முன் யூனியுஸ் நசிந்த கைகளால் மகள் வெரோனிக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் குற்றமற்றவன், வேதனை தாங்காமல் பொய் சொன்னேன் என்று எழுதினார். கடிதம் மகளிடம் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. வழக்குக் கட்டோடேயே கிடந்தது.

"எல்லோரும் அந்தக் கடிதத்தை வாசித்து அழுகிறார்கள்," என்று டிலானி தன் முடிவுரையை வாசித்தாள். "அவர் தெருத் தெருவாகச் சொன்ன பெயர்களுக்காக யார் அழுகிறார்கள்? வேதனை பெரிதுதான். ஆனால் அதே வேதனையில் வாய் திறக்காதவர்களும் உலகத்தில் உண்டு."

பிறகு அவள் முதல் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். சமர்ப்பணம். 'என் அப்பாவுக்கு. பதினொரு நாள் கட்டித் தூக்கியும் ஒரு பெயரும் சொல்லாதவருக்கு.'

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, எங்கேயாவது படுத்துவிடவேண்டும் என்ற களைப்புத்தான் அதிகம்.

அந்த வசனம் என் கேஸில் உள்ளது. தொண்ணூற்றேழில் நான் பாரிசுக்கு வந்தபோது, இதே தெருவில் கேஸ் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதியை வெட்டினார். "தலையாட்டினது எண்டு எழுதினா உன்னை ஏற்கமாட்டாங்கள் தம்பி. ஒரு பேரும் சொல்லேல்லை எண்டு போடுறன்," என்றார். பிரெஞ்சு அரசு அதை நம்பியது. பிறகு என் மனைவி பேர்ளி நம்பினாள், மகளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டுச் சரித்திரம் என்பது கேஸில் உள்ளதுதான்.

இப்போது நானூறு வருடத்துக்கு முன் செத்த ஒரு மனிதரை என் பொய்யால் அளந்து, மகள் குற்றவாளி ஆக்கிவிட்டாள்.

"அவரைச் சொல்லிக் குடுத்தவையளுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். நேரம் கடத்தத்தான் கேட்டேன்.

"அவர்களும் வேதனையில்தான் சொன்னார்கள். ஆறு பேர். சாவதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்."

"அவர் மன்னிச்சவரோ?"

"கேட்டார்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்."

செத்துப்போகிற ஆறு பேருக்கு அதற்கு நேரம் இருந்திருக்கிறது. எனக்கு இருபத்தொன்பது வருடம் இருந்தது. ஞாயிறு பூசையில் எனக்கு இரண்டு வாங்கு வரிசைக்கு முன்னால்தான் மரியமலர் அக்கா இருப்பார். டிலானி பிறந்தபோது, ஞானத்தாயாக இருங்கள் என்று நானே போய்க் கேட்டேன். அப்படியாவது ஈடுசெய்யலாம் என்று நினைத்த கோழைத்தனம் அது.

"பிள்ளை, இரு. அந்தப் பக்கத்தை எடுக்கவேணும்," என்றேன். "நான் தலையாட்டினனான்."

அவளுக்கு விளங்கவில்லை. அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல். விளக்கவேண்டி வந்தது. பிடித்துவைத்திருக்கிற ஒருவனுக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட சாக்கை மாட்டி ஜீப்பில் இருத்துவார்கள். ஊர்ச்சனம் வரிசையாக முன்னால் நடக்கும். அவன் யாருக்குத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளை இழுத்துக்கொண்டு போவார்கள்.

"பன்னிரண்டாவது நாள் என்னை இருத்தினவங்கள். நான் கனநேரம் ஆட்டேல்லை. திரும்பக் கட்டித் தூக்குவம் எண்டாங்கள். அதுக்குப் பிறகு மூண்டு பேருக்கு ஆட்டினன். ஒருத்தரும் ஒண்டும் செய்யாத ஆக்கள். அந்த நேரம் முன்னுக்கு வந்தவை, அவ்வளவுதான். முதல் ரெண்டு பேரின்ரை பேர் இண்டைக்கும் தெரியாது. மூண்டாவது உன்ரை மலர் அன்ரியின்ரை மனுசன்."

மெஷின் தானாக அணைந்தது. டிலானி தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்.

"அன்ரிக்குத் தெரியுமா?"

"இல்லை."

"வியாழக்கிழமை அவர் முன்வரிசையில் இருப்பார். நான் இதை வாசிப்பேன்," என்றாள்.

ஆறு மணிக்கே கடையைப் பூட்டினேன். கார் து நோர் நிலையத்தில் பி ரயில் பிடித்தோம். சனம் நெருக்கம். லா கூர்நெவில்தான் இருக்க இடம் கிடைத்தது. டிலானி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரான்சி வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். நான் எழும்பவில்லை.

கதவடியில் நின்று திரும்பினாள். "நீங்கள் இறங்கவில்லையா?"

"செவ்ரானுக்கு, அன்ரியிட்டைப் போறன்."

மணி அடித்தது. கதவு மூடியது. டிலானி உள்ளேதான் நின்றாள். என் பக்கத்து ஸீற் காலியாக இருந்தும் அங்கே வரவில்லை. எதிரே உட்கார்ந்து பையை மடியில் வைத்தாள். அடுத்த நிலையம் கழிந்தபிறகு, தமிழில் கேட்டாள்.

"அவரின்ரை பேர் என்ன? அன்ரி ஒரு நாளும் எனக்குப் பேர் சொல்லேல்லை. 'அவர்' எண்டுதான் சொல்லுறவ."

என் வாய் அந்தப் பெயரை மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"சூசைநாதன்," என்றேன். "கோயிலிலை ஆர்மோனியம் வாசிக்கிறவர். ஆலடி ஒழுங்கை, மூண்டாவது வீடு."