மடிக்காத சீட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஒக்ஜு சூப்புக்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கைபேசி விடாமல் டிங் என்றது. ஞாயிறன்று சபையில் ஏற்றிக்கொடுத்த புதிய செயலி. ஒவ்வொரு டிங்குக்கும் திரையில் ஒரு ஜோடி கூப்பிய கைகள் எழும்பி மறைந்தன. யாரோ யாருக்காகவோ ஜெபிக்கிறார்கள். ஒக்ஜு ஒவ்வொரு தடவையும் கத்தியை நிறுத்தி 'ஆமென்' என்றாள். சூப்பு கொதிவந்த நேரத்தில் கைபேசி வேறு ஒலியில் அடித்தது. சம்மந்தியம்மாள். அதே சபையில் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்பவள். ஐந்து வருடத்தில் நாலைந்து தடவைதான் போனில் பேசியிருக்கிறார்கள்.

"சம்மந்தி, என் பையன் விவாகரத்து பண்றான்னு நான் போன்ல படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?"

ஒக்ஜு அடுப்பை அணைத்தாள். "யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"நீங்கதான் சொன்னீங்க. போட்டோ போட்டு."

போன் வைக்கப்பட்டது. ஒக்ஜு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு செயலியைத் திறந்தாள். முதலிலேயே அவள் படம் இருந்தது. மகள் சேரினின் திருமணத்தன்று எடுத்தது. பெண்ணின் தாய்க்குரிய இளஞ்சிவப்பு உடையில் ஒக்ஜு சிரிக்கிறாள். ஓரத்தில் வெள்ளை முக்காட்டோடு சேரினின் பாதி முகம். படத்துக்குப் பக்கத்தில் அவள் பெயர், சபையில் அவள் வகிக்கும் பட்டம், சபையின் எத்தனையாவது வட்டாரம் என்பதெல்லாம். கீழே அவள் எழுதியது.

'ஒரு மகள் மூன்று மாதமாகத் தனியே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அடுத்த மாதம் நீதிமன்றம் போகிறார்கள். கர்த்தர் அந்த வீட்டை மறுபடியும் கட்டுவாராக.'

அதற்குக் கீழே கூப்பிய கைகள். நானூற்றுப் பன்னிரண்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நானூற்றுப் பதின்மூன்று ஆனது.

அந்த விண்ணப்பத்தில் அவள் யார் பெயரையும் எழுதவில்லை. இருபத்தாறு வருடமாக எழுதியதில்லை. சபை வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. சீட்டில் எழுதி, நாலாக மடித்து, அதில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மூத்த பாஸ்டர் பெட்டிமேல் கை வைத்து ஜெபிப்பார். சனிக்கிழமை பின்வாசலில் சீட்டுகளை எரிப்பார்கள். யாரும் பிரிக்க மாட்டார்கள். கணவனின் குடி, இரண்டாவது பிரசவத்தில் இழந்த குழந்தை, சேரினின் கல்லூரித் தேர்வு எல்லாம் அந்தப் பெட்டி வழியாகப் போயிருந்தன. பெயர் எழுதத் தேவையில்லை. யார் என்று கர்த்தருக்குத் தெரியும். போன ஞாயிறு பெட்டி இருந்த இடத்தில் ஒரு பூச்சட்டி இருந்தது. கீழ்த்தளக் காப்பிக் கடையில் இளைய பாஸ்டர் பியோ மூதாட்டிகளை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் கைபேசியையும் வாங்கிச் செயலியை ஏற்றிக்கொடுத்தார். படம் கேட்டபோது ஒக்ஜு தன்னிடம் இருப்பதிலேயே நல்ல படத்தைக் காட்டினாள். அன்று மாலை வீட்டில் விண்ணப்பத்தை எழுதி முடித்ததும் அது ஒரு கேள்வி கேட்டது. உங்கள் குழுவா, சபை முழுவதுமா? சபை முழுவதும் என்பதில் ஏற்கெனவே புள்ளி இருந்தது. பாஸ்டர் வைத்த புள்ளியை மாற்றுவது சரியல்ல என்று நினைத்தாள்.

மத்தியானம் மிஹ்வா வந்தாள். சபையின் வாராந்தர ஜெபக் குழுவில் பதினைந்து வருடமாக ஒக்ஜுவுக்குப் பக்கத்தில் உட்காருபவள். கையில் ஊறுகாய்ப் பூண்டு ஒரு டப்பா.

"வீட்ல சாவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கே. சாப்ட்டியா?"

"இல்ல."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி? வாரா வாரம் பக்கத்துல உக்காந்து என் மூலத்துக்குக்கூட ஜெபிக்கச் சொல்லியிருக்கேன். நீ மட்டும் 'எல்லாம் நல்லாருக்கு, ஸ்தோத்திரம்'னே. இப்ப ஊருக்கே சொல்லிட்டே."

"நான் ஊருக்குச் சொல்லல."

"சபை பார்க்கிங்ல வண்டிக்கு வழி காட்டுற ஆளு என்னை நிறுத்திக் கேக்குறான், எந்த நீதிமன்றம்னு. அவன் மச்சான் வக்கீலாம்."

சிரிப்பாள் என்று மிஹ்வா எதிர்பார்த்தாள். ஒக்ஜு சிரிக்கவில்லை. மிஹ்வா பூண்டு டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சேரின் பாத்துட்டாளா?"

சேரின் சபைப் பக்கம் வராமல் நாலு வருடமாகிறது. ஆனால் அவளுடைய ஞாயிறு பள்ளித் தோழிகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். காலையிலிருந்து ஒக்ஜு அவளுக்கு ஆறு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மூன்று மணிக்குச் சபைக்குப் போனாள். பியோ பாஸ்டர் காப்பிக் கடையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். முப்பத்துநாலு வயது. அவளைக் கண்டதும் எழுந்து இரு கைகளாலும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கம்மா. நானே வரணும்னு இருந்தேன். பாத்தீங்களா, எத்தனை பேர் உங்களுக்காக முழங்கால்ல நிக்கிறாங்க!"

"எடுத்துடுங்க பாஸ்டர்."

அவர் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்லக் குறைந்தது. அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். எதிர்த்துப் பேசவில்லை. மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி, அவள் கண்முன்னாலேயே எடுத்துவிட்டார். அவள் படம் போன இடத்துக்குக் கீழிருந்த விண்ணப்பம் ஏறி வந்தது. யாருடைய முழங்கால் அறுவை சிகிச்சையோ.

"படிச்சவங்க படிச்சதுதானே?" என்றாள்.

"ஆமாம்மா." காப்பிக் கோப்பையைச் சுற்றினார். "என்னை மன்னிச்சிடுங்க. இந்தச் செயலிக்காக ரெண்டு வருஷம் கமிட்டியில பேசினேன். இந்தக் காப்பிக் கடைக்கும் பேசினேன். பிள்ளைங்க போன்லதான் இருக்காங்க, நாமளும் அங்க போவோம்னு. ஒரு சீட்டை மடிச்சுப் பெட்டியில போட எந்தப் பிள்ளை வருவான்னு கேட்டேன்."

"வந்தாங்களா?"

"எல்லாரும் ஏத்திக்கிட்டாங்க. ஆனா இதுவரைக்கும் வந்த விண்ணப்பம் நூத்தி எம்பதும் அறுபது தாண்டினவங்களோடது. இளம்பிள்ளைங்க ஒருத்தரும் ஒரு வரி எழுதல." மடிக்கணினியை மூடினார். "இங்க எழுதினா யார் படிப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்மா."

ஒக்ஜு எழுந்தாள். "அந்தப் பெட்டி எங்க இருக்கு?"

"கிடங்குல இருக்கு. கொண்டுவந்து வெக்கட்டுமா?"

அவள் யோசித்தாள். சேரினுக்கு இப்போது அதனால் என்ன ஆகப்போகிறது. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

சேரின் சனிக்கிழமை வந்தாள். செருப்பைக் கழற்றினாள். மேல்கோட்டைக் கழற்றவில்லை. அம்மா ஓடிப்போய்ச் சோறு எடுத்து வைத்தாள். முள்ளங்கி சூப்பு, வறுத்த மீன், மிஹ்வாவின் பூண்டு. சேரின் உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்தாள்.

"அவரு தன் அம்மாகிட்டச் சொல்றதுக்கு நாள் பாத்துக்கிட்டிருந்தாரு. நேர்ல போய்ச் சொல்லணும்னு. அதுக்குள்ள அத்தை எனக்குப் போன் பண்ணி அழறாங்க."

"தப்பு என்மேலதான். அந்தப் புள்ளியை நான் மாத்தல."

"புள்ளி இல்லம்மா. நான் உன்கிட்டச் சொன்னேன். உன்கிட்ட மட்டும்."

"நான் கர்த்தர்கிட்டத்தான் சொன்னேன் சேரின். வேற யார்கிட்டயும்—"

"நானூறு கர்த்தரா?"

ஒக்ஜு மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டேயிருந்தாள். எடுத்த சதையை மகளின் சோற்றின்மேல் வைத்தாள். சேரின் அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"சின்ன வயசுலேருந்து எது சொன்னாலும் நீ முழுசாக் கேட்டதில்லம்மா. நான் பேசிட்டிருக்கும்போதே உன் உதடு அசைய ஆரம்பிச்சுடும். ஜெபம் பண்ண ஆரம்பிச்சுடுவ. என்கிட்டேருந்து வாங்கி அப்படியே மேல அனுப்பிடுவ. உன்கிட்ட ஒண்ணுகூட நின்னதில்ல."

வெளியே பழைய சாமான் வாங்கும் வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது. குளிர்பெட்டி வாங்குகிறோம், துவைக்கும் இயந்திரம் வாங்குகிறோம். அது தெருமுனை திரும்பியது.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் சேரின். "யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. சொல்லலாமா வேணாமான்னு பஸ்ஸுல வர்றப்போ முழுக்க யோசிச்சேன்."

"நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"கர்த்தர்கிட்ட?"

பொய் சொல்லலாம். சொன்னால் மகள் கண்டுபிடித்துவிடுவாள். ஒக்ஜு மீன் முட்களைத் தட்டின் ஓரத்தில் ஒன்றாகச் சேர்த்தாள்.

"கர்த்தருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் கடைசியில். "நான் போய்ச் சொல்லணும்னு இல்ல."

சேரின் அம்மாவின் வாயையே பார்த்தாள். பிறகு சொன்னாள். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒக்ஜு உதடுகளைச் சேர்த்து அழுத்திக்கொண்டு கடைசிச் சொல் வரை கேட்டாள். சேரின் கரண்டியை எடுத்து மீனைச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை விடியற்கால ஜெபத்தில் ஒக்ஜு வழக்கமான இடத்தில் மிஹ்வாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரசங்கம் முடிந்ததும் விளக்குகள் தணிந்தன. எல்லோரும் சேர்ந்து மூன்று முறை 'கர்த்தாவே' என்று கூவினார்கள். அதோடு அணை உடைந்தது. ஒவ்வொருவரும் அவரவர் பாரத்தை உரக்கச் சொல்லிக் கதறினார்கள். முன்வரிசையில் ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். மிஹ்வா தன் மகனின் வேலையைக் கேட்டு முன்னும் பின்னும் ஆடினாள். இந்த இரைச்சலில்தான் இருபத்தாறு வருடமாக ஒக்ஜு தன் குரலைப் போட்டுவந்தாள். யார் குரலும் யாருக்கும் தனியாகக் கேட்காது. ஒரு வார்த்தை சொன்னால் தவறில்லை. மகளின் பெயர்கூட வேண்டாம்.

மிஹ்வா ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முன்னைவிட உரக்கக் கத்த ஆரம்பித்தாள்.

ஒக்ஜுவின் மடியில் சபையின் வாராந்தரத் தாள் கிடந்தது. அதை இரண்டாக மடித்தாள். நாலாக. எட்டாக. பிறகு மடிக்க வரவில்லை. அதை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள். வாய் மூடியிருந்தது. தாளின் முனை உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.