இலின்காவின் வயிறும் நீல மூடி வாளியும்

என் பெயர் எமில். வயது இருபத்து நாலு. இத்தாலியில் பதோவாவுக்கு வெளியே, டைல்ஸ் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில், இரண்டாவது மாடியில் இருக்கிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஔரிகா அக்கா இதைப் படித்துக் காட்டும்போது அப்பா நடுவில் "யாரு எழுதினது, யாரு எழுதினது" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். உங்கள் மகன்தான்.

நான் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. கை காலியாக இல்லை. இலின்கா என் முன்கையில் குப்புறப் படுத்திருக்கிறாள், தலை முழங்கைப் பக்கம், கால்கள் இரண்டு பக்கமும் தொங்குகின்றன. இப்படிப் பிடித்து நடந்தால்தான் அவள் வயிறு அடங்கும். இந்த வீட்டில் நான் நடந்த தூரத்துக்கு இந்நேரம் நம் மால்டோவாவுக்கே வந்து சேர்ந்திருக்கலாம்.

அம்மா, குரலாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் நீங்கள் அதை முற்றத்தில் சத்தமாக வைத்துக் கேட்பீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எல்லாம் என் மகளின் வயிற்றுப்போக்கைப் பற்றித் தெரிந்துகொள்வார்கள். நேராகப் பேசினால் நீங்கள் பாதியில் அழுவீர்கள். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு "எல்லாம் நல்லாருக்கும்மா" என்று வைத்துவிடுவேன். இத்தனை வாரமும் அப்படித்தான் நடந்தது. அதனால் இந்தத் தடவை கடைசி வரை படியுங்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உங்கள் மருமகள் வியோரிகா ஒவ்வொரு டயப்பரையும் போட்டோ எடுத்து ஔரிகாவுக்கு அனுப்புவாள். மஞ்சளாக, நடுவில் கடுகு கடுகாக இருக்கும். ஔரிகா இரண்டு பிள்ளை வளர்த்தவள். "தங்கம்டி அது, பயப்படாதே. ஆனா நான் சாப்பிடற நேரத்துல அனுப்பாதே" என்பாள். பிறகு சில நாள் குழந்தை வெளிக்கே போகவில்லை. குழந்தை டாக்டரிடம் ஓடினோம். அந்த அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மெத்துனுதானே இருக்கு. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை சமயத்துல ஒரு வாரம்கூடப் போகாம இருக்கும். போங்க, போய்த் தூங்குங்க" என்றார். தூங்கு என்று டாக்டர் சொல்வதற்கு என்ன, சுலபம்.

அதற்கப்புறம்தான் பச்சை வந்தது. பச்சை மட்டும் என்றால் பரவாயில்லை என்று ஔரிகா சொன்னாள். பச்சையோடு சளி வந்தது, மூக்குச்சளி மாதிரி இழை இழையாக. பால் குடித்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று முதுகை வில்லாக வளைத்து மார்பைத் தள்ளிவிட்டு அலறுவாள். பசிக்கிறது, ஆனால் குடிக்க மாட்டேன் என்கிறாள். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் அவளைக் கிள்ளிவிட்டது போலத் தோன்றும். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார்.

அப்போது நீங்கள் போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

"அவ என்னத்தத் தின்னுத் தொலைச்சா? முட்டைக்கோஸ் தின்னாளா?"

"ரெண்டு வாய் சாப்பிட்டாம்மா."

"பாத்தியா! முட்டைக்கோஸ நிறுத்து. பீன்ஸ நிறுத்து. பூண்டு, வெள்ளரிக்கா, திராட்சை, தக்காளி, எல்லாத்தையும் நிறுத்து. பச்சைப் பிள்ளைக்காரி வாயக் கட்ட வேணாமா?"

பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்த வியோரிகா மெதுவாக, "மூச்சு விடலாமான்னு உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றாள். நான் சிரித்துவிட்டேன். உங்களுக்கு எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியவில்லை, கோபித்துக்கொண்டீர்கள்.

ஆனால் அவள் நிறுத்தினாள் அம்மா. நீங்கள் சொன்ன அத்தனையும் நிறுத்தினாள். அப்புறம் நீங்கள் சொன்னீர்கள், அவள் பாலில் சத்து இல்லை, தண்ணீர் மாதிரி இருக்கும், அதனால்தான் பிள்ளை வயிற்றில் நிற்கவில்லை, நம் வீட்டு சீஸ் அனுப்புகிறேன், நன்றாகச் சாப்பிடச் சொல் என்று. நம் ஊரிலிருந்து பார்சல் கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை வேனில் வாளி வந்தது. வெள்ளை வாளி, நீல மூடி, உப்புநீரில் அப்பாவின் செம்மறிப்பால் சீஸ். மூடியைத் திறந்ததும் வியோரிகா கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். காலையில் மக்காச்சோளக் களியும் சீஸும். மத்தியானமும் அதுவே. வேறு எதுவும்தான் சாப்பிடக் கூடாதே.

ஒரு டயப்பரில் சிவப்பு நூல் போல ஒன்று இருந்தது. முதலில் அவளுடைய ஸ்வெட்டர் நூல் என்று நினைத்து எடுக்கப் போனேன். நூல் இல்லை.

டாக்டர் அந்த டயப்பரைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. குழந்தையை எடை போட்டார், எடை நன்றாக ஏறியிருந்தது. "பயப்படற மாதிரி தெரியல. அம்மா சாப்பிடற மாட்டுப்பால்ல இருக்கிற புரதம் தாய்ப்பால் வழியா போகும், சில குழந்தைகளோட குடலுக்கு அது ஒத்துக்காது. மாட்டுப்பால், வெண்ணெய், தயிர், சீஸ், பால் பவுடர் போட்ட பிஸ்கட், எல்லாத்தையும் கொஞ்ச வாரம் நிறுத்திப் பாருங்க. ஆனா ஒண்ணு, தாய்ப்பால நிறுத்தாதீங்க" என்றார். வியோரிகாவுக்கு இன்னும் பாஷை பிடிபடவில்லை. நான்தான் திருப்பிச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைக் காலி செய்தோம். பால் பாக்கெட், வெண்ணெய், கடையில் வாங்கிய சீஸ், பாதி கேக், எல்லாவற்றையும் எதிர்வீட்டு மாணவர்களிடம் கொடுத்துவிட்டோம். நீல மூடி வாளியை மட்டும் எடுத்துத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தோம்.

"இது?" என்றேன்.

"இது மாடா?" என்றாள் வியோரிகா. "உங்கப்பா என்னிக்கு மாடு மேய்ச்சாரு? ஆடு எமில். பனியில நனைஞ்ச புல்லத் தின்னு வளர்ந்த ஆடு. இதையும் வேணாம்னா நான் சுவரத்தான் நக்கணும்."

சரியாகத்தானே சொல்கிறாள் என்று எனக்கும் பட்டது. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். செம்மறிப்பால் மருந்து. வயிறு சரியில்லாத பிள்ளைக்கே அதைத்தானே கொடுப்பார்கள்.

நாட்கள் போயின. ரத்தம் நிற்கவில்லை. ஒரு நாள் விட்டு வரும், பிறகு தினமும் வரும். குழந்தை மோசமாக மோசமாக வியோரிகா மற்றதையெல்லாம் இன்னும் குறைத்தாள். முட்டையும் போனது, ரொட்டியும் போனது. கடைசியில் களி, சீஸ், தண்ணீர். அவள் கன்னம் ஒட்டிப்போய், தலைமுடி சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது. நான் வேலை பார்க்கிற கிடங்கில் ஒரு பெட்டி டைல்ஸைக் கீழே போட்டு உடைத்தேன். நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.

அந்த வாரம்தான் நீங்கள், அவளும் கேட்கும்படி, சொன்னீர்கள்: "ஆகாத பால்னு ஒண்ணு உண்டும்மா. உன் மேல தப்பில்ல. சில பேரு பால் அப்படித்தான். நிறுத்திட்டு டப்பாப் பால் குடு."

நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னீர்கள். எனக்குத் தெரியும். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது மேஜை மேல் ஒரு பால் பவுடர் டப்பா இருந்தது. அவள் தனியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள். திறக்கவில்லை. டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், மார்பில் பால் கட்டி சட்டை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

"நாளைக்குத் திறக்கறேன்" என்றாள். "உங்கம்மா சொன்னது சரிதான். நான்தான் இவள உள்ள இருந்து கீறிக்கிட்டிருக்கேன்."

"டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டுத் திற" என்றேன்.

டாக்டர் இந்தத் தடவை குழந்தையைப் பார்க்கும் முன்னால் வியோரிகாவைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

நான் கேட்டுச் சொன்னேன்: "களி."

"வெறும் களியா?"

"களின்னா சீஸோடதான்" என்றேன். உப்புப் போட்டதாக யாராவது தனியாகச் சொல்வார்களா? அது மாதிரி வாயில் வந்துவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சீஸா?"

"மாட்டு சீஸ் இல்ல டாக்டர். ஆடு. எங்க வீட்டு ஆடு." அவர் நம்பவில்லையோ என்று நான் போனை எடுத்து, அப்பா கிடாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோவைக் காட்டினேன். "இதோ, பாருங்க."

டாக்டர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் வியோரிகாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அழகான ஆடுதான். உங்கப்பாவும் நல்லா இருக்காரு. ஆனா செம்மறிப்பால், வெள்ளாட்டுப்பால், மாட்டுப்பால் மூணுலயும் இந்தப் புரதம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒண்ணு ஒத்துக்காத குழந்தைக்கு மத்ததும் பெரும்பாலும் ஒத்துக்காது. தப்பு என் மேலயும் இருக்கு, நான் மாடுன்னு மட்டும் சொல்லி விட்டுட்டேன். எவ்வளவு சாப்பிடுவாங்க?"

நான் கையால் காட்டினேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, அதையும் அடியோடு நிறுத்தச் சொன்னார். அப்புறம் முட்டைக்கோஸ், பீன்ஸ், தக்காளி, முட்டை, ரொட்டி எல்லாம் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கீழே விழுந்துவிடுவாள் என்று சொன்னார். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றாக நான் வியோரிகாவிடம் திருப்பிச் சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்போ என் பால்?"

டாக்டருக்கு அது புரிய நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, "பால் நல்ல பால்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸிலேயே, வியோரிகா ஒரு ரொட்டி முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

அம்மா, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அடுத்த வாளியை அனுப்பியிருந்தீர்கள். நான் சொல்லவில்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும். வேன்காரர் திரிஃபோன் என்னைப் பார்த்ததும், "டேய் எமில், உங்கம்மா இந்த வாளிய என் பக்கத்து சீட்டுல பெல்ட் போட்டு உக்கார வைக்கச் சொல்லிட்டாங்கடா. என் பொண்டாட்டியையே நான் அங்க உக்கார வச்சதில்ல" என்றார். நான் வாளியைக் கையில் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. வாசனை வந்தால் வியோரிகாவால் அதைச் சாப்பிடாமல் இருக்க முடியாது. குப்பையில் போட என்னால் முடியாது. ஆடுகளுக்காக அப்பா அந்த மேட்டில் ஏறி இறங்குவது எனக்குத் தெரியும்.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிற நம் ஊர்ப் பெண்கள் அங்கே பார்சலுக்கு நின்றார்கள். தோம்னிகா என்கிற அக்காவிடம் நீட்டினேன்.

"நிஜமாவா? உனக்கு மூளை கலங்கிருச்சா தம்பி?"

"குழந்தைக்கு ஆகல அக்கா."

"என் கிழவிக்கும் ஆகாது. ஆனா எனக்கு ஆகும், குடு."

வேனின் பின்கதவைத் திறந்து போட்டு அங்கேயே ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். யார் வீட்டு சீஸ் என்று கேட்டார்கள். சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள். உங்கள் சீஸ் வீணாகவில்லை, அம்மா. காலி வாளியை நான் வாங்கி வந்தேன். இப்போது அதில் இலின்காவின் துணிகளை ஊற வைக்கிறோம். கோபப்படாதீர்கள், நல்ல வாளி.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. முதலில் சிவப்பு குறைந்தது, பிறகு ஒரு நாள் திரும்ப வந்தது. பிறகு வரவில்லை. சளி இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. போன வாரம் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். ஓடினேன். தரையில் உட்கார்ந்து, டயப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "வந்து பாரேன்" என்றாள். மஞ்சள். கடுகு கடுகாக. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே இருந்தோம்.

இன்னும் முடிந்துவிடவில்லை. டாக்டர் கொஞ்ச நாள் கழித்து வியோரிகா துளி சீஸ் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார், அதுதான் காரணமா என்று உறுதியாகத் தெரிய. வியோரிகா "இப்போ வேணாம், முதல்ல நான் ஒரு நாள் தூங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஒரு வயதாகும்போது பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகிவிடுமாம். வயிற்றுக் காற்றுக்கு இன்னும் அழுகிறாள், இதோ, அவளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டேதான் இருக்கிறேன். ஆனால் இப்போது பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப் போகிறாள், வாய் திறந்தபடி. அந்தப் பால் பவுடர் டப்பா திறக்காமல் அலமாரியில் இருக்கிறது.

சீஸில் குறை இல்லை அம்மா. அதை அப்பாவிடமும் சொல்லுங்கள். இந்தக் குழந்தைக்கு, இப்போதைக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். இலின்கா ஆடு மேய்க்கிற அளவுக்கு வளர்ந்த பிறகு அப்பாவே அவளுக்கு ஊட்டட்டும்.

அடுத்த வண்டியில் வாளி அனுப்பாதீர்கள். வால்நட்டும் பிளம்ஸ் ஜாமும் அனுப்புங்கள், ஊறுகாய் போட்ட முட்டைக்கோஸும் அனுப்புங்கள், அவளுக்கு அதுதான் ஏக்கமாக இருக்கிறது. இன்னொன்று. வியோரிகாவுக்கு நீங்களே போன் செய்யுங்கள். குழந்தையைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். உன் பால் நல்ல பால் என்று ஒரு தடவை உங்கள் வாயால் சொல்லுங்கள்.