கடல் பெயரில் ஒரு வீடு

ஓஸ்டர்ஹம் ஊரின் கரைப் பதிவேட்டில் ஒன்பதாவது பங்கு கடலின் பெயரில் இருக்கிறது. அறுபது தப்படி மண்கரை, அதன் பின்னால் ஓட்டு வீடு ஒன்று, பதினோரு ஏக்கர் மேய்ச்சல் நிலம். எட்டாவது பங்கு மேனர்ட்டுடையது, பத்தாவது தேவாலயத்துடையது, நடுவில் கடல்.

அதற்கு முன்னால் அது ஃபென்னாவினுடையதாக இருந்தது. ஊரே கடல் மட்டத்துக்குக் கீழே கிடந்ததால், அங்கே ஒவ்வொரு வீடும் தன் பங்குக் கரையைத் தானே காக்க வேண்டும். முடியாதவர்கள் மண்வாரியைக் கரையில் நட்டுவிட்டு, வண்டியில் ஏறுவதை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். நட்டதை யார் பிடுங்குகிறார்களோ அவர்களுக்கு வீடும் நிலமும் சொந்தம், கரையைக் காக்கும் கடமையும் அவர்கள் தலையில். ஃபென்னாவின் கணவன் ஹாயோ வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்த பிறகு, பதினான்கு வருடம் அவள் தனி ஆளாகப் புல்லோடு மண்கட்டி வெட்டிச் சுமந்தாள். கோடையில் அவள் வைத்ததைக் குளிர்காலத்தில் கடல் எடுத்துக்கொண்டது. கரையை உயர்த்த உயர்த்த அது தன் பாரத்திலேயே கீழே இறங்கியது. பிறந்த வீடு, ஹாயோவைக் கல்யாணம் செய்துகொண்ட வீடு, இரண்டும் அதுதான் என்பதால் அவள் மறுபடியும் கூடையைத் தூக்கினாள்.

ஓர் இலையுதிர்காலத்தில் கரைத்தலைவர் மேனர்ட் பார்வையிட வந்தார். கரையின் கடல் பக்கச் சரிவில் ஃபென்னா முழங்கால் சேற்றில் நின்றிருந்தாள்.

"என்ன ஃபென்னா, உன் கரை பொக்கைவாய் மாதிரி இருக்கே."

"உங்க வாய்க்கு இது தேவலாம்ண்ணே."

"வாய்ப்பேச்சு மண்ணக் கொண்டாருமா? முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டுப் போயிடணும். பதினேழு வீட்டுத் தலையெழுத்து இதுல இருக்கு."

அவள் நின்ற இடத்திலேயே, கையிலிருந்த மண்வாரியை ஓங்கி நட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

"நட்டுட்டியா?" என்றான் ஹாயோ.

"நட்டுட்டேன்."

"சரி, காலக் கழுவிட்டு வா. அழுறதுன்னா உக்காந்து அழலாம்."

மேனர்ட்டுக்கு அந்த மேய்ச்சல் நிலத்தின் மேல் இருபது வருட ஆசை. ஆனால் அன்றைக்கே பிடுங்கினால் அலைகிறான் என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடியட்டும் என்று பொறுத்தார். மற்றவர்கள் எல்லாரும் ஊர்ப் பக்கச் சரிவில்தான் நடுவார்கள். ஃபென்னா கோபத்தில் கடல் பக்கம் நட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. சனிக்கிழமை நடுப்பகலில் கடல் ஏறி வந்தது. காம்பை இரண்டு சுற்றுச் சுற்றி, ஆடும் பல்லை ஆட்டுவதுபோல் ஆட்டிப் பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனது. ஏழு பேர் பார்த்தார்கள், அதில் பாதிரியாரும் ஒருவர்.

நான்கு கூட்டம் போட்டுப் பேசினார்கள். பிடுங்குகிறவருக்குக் கை இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. பதிவேட்டில் பெயர் மாறியது.

ஃபென்னா வண்டியில் சாமான் ஏற்றி முடித்திருந்தாள். புதுச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை என்று தோன்ற, தண்ணீர் ஓரம் போய் நின்றாள்.

"நாங்க ரெண்டே பேரு. ஒரு மாடு இருக்கு, சாது. இங்கயே இருந்துக்கட்டுமா?"

அவள் காலை நனைத்துக்கொண்டிருந்த அலை ஒரு தப்படி பின்வாங்கி இடம் விட்டது. அவள் வீட்டுக்குப் போய்ச் சாமான்களை இறக்கினாள்.

அன்றிலிருந்து கடல் தன் கடமையைச் செய்யத் தொடங்கியது. நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு கை வண்டல், ஓய்வுநாளிலும் விடாமல். சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் பழகாத ஃபென்னா, சுமை தூக்கி வருகிறவருக்கு இறக்கிவைக்க இடம் வேண்டாமா என்று, சேற்றில் இரட்டை வரிசையாய் முளையடித்து நடுவே வில்லோ மரத்தின் மெல்லிய கிளைகளான மிலாறுகளைக் கட்டுக்கட்டாய் அடைத்தாள். வேலிக்குள் நுழைந்த தண்ணீர் அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கி, மண்ணை வைத்துவிட்டுப் போனது. முதல் வருடம் உமரி என்னும் உப்புச்செடி முளைத்தது, இரண்டாம் வருடம் புல், நான்காம் வருடம் ஊதா நிறத்தில் பூக்கள், அவற்றுக்குள் முட்டையிடும் பறவைகள். கடலேற்றத்தின்போது அந்தப் பச்சை முழுவதும் தூங்குகிறவரின் வயிறுபோல மெல்ல உயர்ந்து இறங்கியது. ஹாயோ ஜன்னலோரம் படுத்தபடி அதனோடு சேர்ந்து மூச்சு விட்டான், முதுகுவலி குறைந்தது, சுவரைப் பிடித்து எழுந்து நிற்கவும் முடிந்தது.

ஆறாவது குளிர்காலத்தில் இரண்டு நாள் புயல். மேனர்ட்டின் மொட்டைக் கரையில் அலைகள் வண்டிபோல் மோதி, மேல்மண்ணைப் பெயர்த்தன. பக்கத்துப் பங்கிலோ, அதே அலைகள் கடலை நோக்கி நீண்டிருந்த அறுநூறு தப்படிப் புல்லுக்குள் நடந்து நடந்து களைத்து, முழங்கால் உயரத்தில் வந்து சேர்ந்தன. விடிந்ததும் மேனர்ட் குடும்பத்தோடு ஃபென்னாவின் கதவைத் தட்டினார். அவருக்குப் பின்னாலேயே தண்ணீரும் வந்தது. ஒரு புல்லைக்கூடப் பெயர்க்காமல் கரையேறி இறங்கி, வாசற்படி தாண்டி, கணுக்கால் அளவில் கூடத்துக்குள் நுழைந்தது.

"வீட்ட எடுத்துக்க வந்துட்டாரு," என்றார் மேனர்ட். குழந்தைகள் மேசைமேல் ஏறின.

ஃபென்னா ஹாயோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அறை அறையாய்ப் போனது. அடுப்பைப் பார்த்தது, கட்டிலைச் சுற்றி வந்தது, ஒழுகும் மூலையில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வந்த வழியே வெளியேறி, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனது. தரையெங்கும் ஒரு விரல் தடிமனுக்கு மாவுபோன்ற வண்டல். ஹாயோ சுவரைப் பிடித்துக்கொண்டு துடைப்பம் தேடினான்.

"கூட்டாதப்பா. உயர்த்திக் குடுத்திருக்காரு, இருக்கட்டும்," என்றாள் ஃபென்னா.

மேனர்ட் நெடுநேரம் நாற்காலியிலிருந்து காலைக் கீழே வைக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார். "உங்க ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். என் பக்கமும் கொஞ்சம்..."

"அவரு சொல்லி வர்ற ஆளில்லண்ணே. மிலாறு கட்டி வைங்க. உக்கார இடம் இருந்தா உக்காருவாரு."

இப்போது பதினேழு பங்குகளுக்கு முன்னாலும் மிலாறு வேலிகள் இருக்கின்றன. தன் பக்கம் கடல் தாமதமாக வருகிறது என்று மேனர்ட் கூட்டத்துக்குக் கூட்டம் முறையிடுகிறார். பதினேழு வீட்டுக்கும் ஒருவரே போக வேண்டியிருக்கிறது, வரிசைப்படிதான் வரும் என்று பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது பங்கில் ஃபென்னாவும் ஹாயோவும் குடியிருக்கிறார்கள். குளிர்காலத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரர் வந்து தரையை ஒரு விரல் உயர்த்திவிட்டுப் போகிறார். ஹாயோ நிலைக்கதவில் குனிந்துதான் நுழைகிறான், அடுத்த கோடையில் கூரையைத் தூக்கிக் கட்ட வேண்டும்.