ரைட் க்ளிக்கைத் தடுத்த வீடு

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் தொடங்கியது. ஹைதராபாத் உப்பலில் ஒரு பிறந்தநாள் வீட்டில் கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, "வெப்சைட்ல ரைட் க்ளிக்கைத் தடுத்துட்டா கூகுள்ல பின்னாடி போயிடுமா?" என்று கேட்டாள். கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "போகலாம்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு நீலா என்று பெயர் வைத்தேன்.

2

எண்ணற்ற குழந்தைகளின் வாழ்வில் தமிழ் ஒளியேற்றிய நீலா... (வேண்டாம். பாராட்டு விழா மடல் மாதிரி இருக்கிறது.)

நீலா உப்பலில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் குழந்தைகள்தான் அவள் மாணவர்கள். பாடத்தாள்களைத் தானே எழுதி வெப்சைட்டில் போடுவாள். அதைத் தேடிப் பிடித்துத்தான் பெற்றோர் வருவார்கள். மார்ச்சில் யாரோ அந்தப் பாடங்களை அப்படியே சுருட்டித் தங்கள் பெயரில் போட்டுக்கொண்டார்கள்.

கணவன் அனந்தராமனுக்குக் காஞ்சன்பாக்கில் பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலை. தினமும் செல்போனைக் கேட்டில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போகிறவன். ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டான்.

"முதல்ல யாரும் காப்பி எடுக்காதபடி ரைட் க்ளிக்கைத் தடு. அப்புறம் செட்டிங்ஸ்ல வெளியாளைத் தடுக்கிற மாதிரி எது இருந்தாலும் டிக் போட்டுடு."

"எதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"சந்தேகமா இருந்தா போட்டுடு. எங்க ஆபீஸ்ல அப்படித்தான்."

(முதல் வரைவில் அவனே உட்கார்ந்து டிக் போட்டான். வில்லனாகிவிட்டான், பாவம். அடித்துவிட்டேன்.)

3

அதன்பிறகு வகுப்பைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. பெயரை அடித்துத் தேடினாலும் அவள் பக்கம் வரவில்லை. ஜூனில் புதிதாக ஐந்து பேராவது சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆறு வருட உழைப்பு. அழுகையாக வந்தது. ரைட் க்ளிக்கைத் தடுத்ததுதான் காரணம் என்று யாரோ சொல்ல, நம்பிவிட்டாள்.

"பூட்டு, பூட்டுன்னு சொல்லி என் வகுப்பையே பூட்டிட்டீங்க" என்று இரண்டு மாதம் தினமும் குத்திக்காட்டினாள். அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

4

கீழ் வீட்டு ஃபாத்திமா ஐடியில் இருக்கிறாள், வாணியம்பாடிக்காரி. ஒரு மத்தியானம் வந்து பார்த்தாள்.

"ரைட் க்ளிக்குக்கும் இதுக்கும் நேரடியா சம்பந்தமே இல்லக்கா. கூகுள் என்ன மவுஸைப் பிடிச்சா படிக்குது? படிக்க வர்றவங்கதான் எரிச்சலாகி ஓடுவாங்க." பிறகு செட்டிங்ஸைத் திறந்தாள். "இது என்னக்கா? கூகுள் மாதிரி எதுலயும் இந்த சைட்டைக் காட்டாதேன்னு டிக் இருக்கு. யார் போட்டது?"

நீலாவுக்கு அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சந்தேகமாக இருந்தது, போட்டாள். போட்டது அவள் கை. போடச் சொன்னது அவன் வாய். அப்படியானால் தப்பு யார்மேல்?

(எனக்கும் குழப்பம்தான். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது கேசரி சாப்பிட்டு ஒரு மாதம் கழித்து. என் "போகலாம்" இன்றைக்கு எந்த வீட்டில் எந்த மனிதனைக் குத்திக்கொண்டிருக்கிறதோ! அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர்கூட எனக்குத் தெரியாது.)

ஃபாத்திமா டிக்கை எடுத்துவிட்டாள். "கொஞ்ச நாள்ல திரும்ப வந்துடும், கவலைப்படாதீங்க."

5

அன்று சாயங்காலம் அனந்தராமன் வாசலிலேயே நின்று சொன்னான். "காலைல கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ரைட் க்ளிக் தடையை எடுத்துட்டேன் நீலா. தப்பு என்மேலதான். இனிமே பூட்டே நக்கோ." (ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவன், தமிழுக்கு நடுவே 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' வரத்தான் செய்யும்.)

ஃபாத்திமா டிக்கை எடுத்துவிட்டதால் இனி பக்கம் திரும்பி வரும். தன் தடையால்தான் அது காணாமல் போனது என்று அவன் ஆயுளுக்கும் நம்புவான்.

ஒரு முடிவில் நீலா உண்மையைச் சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. இன்னொரு முடிவில் ஒன்றும் சொல்லாமல் காபி போட உள்ளே போகிறாள். அதை எழுதியபோது அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மூன்றாவதில், நீலா அவன் கையைப் பிடித்து,

இதற்கு மேல் ஓடவில்லை. இரண்டு மாதம் குத்தியவள் அவள், மன்னிப்புக் கேட்பவன் அவன். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறான்.