கொதிகலன் வரையாத இன்ஜின்

கணினித் திரையில் வரைந்து வைத்திருந்த நீராவி இன்ஜின், அதற்கென்று ஓர் ஆணிகூட வாங்கப்படாத நிலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை தானாகவே ஓட ஆரம்பித்தது. அதே நேரத்தில் சமையலறையில் கொதித்துக்கொண்டிருந்த தேநீர் ஆறிப்போனது. அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. தேநீர் மட்டும் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று கிடந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று கண்டுபிடித்தவள் அந்த வீட்டுத் தையல்காரி. இன்ஜினை வரைந்த அவள் கணவர் அதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே, மேசைமேல் வைக்கிற அளவில் பித்தளையும் இரும்புமாக ஒரு நீராவி இன்ஜின் செய்யப்போவதாக வாயாலேயே பந்தல் போட்டார். செய்வதற்கு முன் கணினியில் வரைந்து பார்க்க வேண்டுமாம். அதற்காகத் தையல் மெஷின் இருந்த வெளிச்சமான அறைக்குப் பெரிய திரையோடு கணினி வந்தது, மெஷின் நடைவழிக்குப் போனது. பிறகு அவர் வரைந்தார், வரைந்தார், வரைந்துகொண்டே இருந்தார். சக்கரத்தின் ஆரங்கள் நேராக இருக்கலாமா வளைந்திருக்கலாமா என்பதிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று. திரைக்குள் எதையும் அறுக்க வேண்டாம், ராவ வேண்டாம், கையில் கறை படாது. பிடிக்காததை ஒரு சொடுக்கில் அழித்துவிடலாம். தெருவில் அவரை 'இன்ஜின்காரர்' என்றார்கள். அது கேலி என்பது தெருவில் அவருக்கு மட்டும்தான் தெரியாது.

இதே பித்துப் பிடித்த நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் ஒருவரும் ஒரு தகரத்தைக்கூட வெட்டியவரில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டில் கூடி, அவர் வரைந்த பிஸ்டனைத் திரையில் மேலும் கீழும் திருப்பிப் பார்த்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி தலையாட்டிவிட்டு, போன வாரம் அரைத்த மாவையே மறுபடி அரைப்பார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் பாய்லரை எவரும் வரைவதில்லை. அது வெறும் உருளை, அதில் சுழல்வதுமில்லை, மின்னுவதுமில்லை, அதை மெனக்கெட்டு வரைவானேன் என்பது அவர்கள் கட்சி. நீராவி வரும் குழாயை மட்டும் அழகாக வளைத்து வரைந்து, அதன் வாயை வெட்டவெளியில் திறந்து விட்டுவிடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஆவி வருவதாக வைத்துக்கொள்வார்கள். வீட்டில் வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர்களுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்ற கவலை எப்படி வரும்?

இன்ஜினுக்கு அந்தக் கவலை இருந்தது. திறந்த வாயால் அது வீட்டிலிருந்த சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டது. தேநீருக்குப் பிறகு குளிக்கிற வெந்நீர், அடுத்து பால், கடைசியில் இஸ்திரிப் பெட்டி. அப்போதுதான் தையல்காரி நாட்காட்டியைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறக்க இரண்டே வாரம் இருந்தது. தைத்து முடித்த சீருடைப் பாவாடைகள் நடைவழியில் மலையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மடிப்பு வைத்துத் தேய்த்தால்தான் பள்ளியில் வாங்குவார்கள். அந்தச் சீருடை வேலைதான் அவள் மகளைப் படிக்க வைத்தது. அது கைவிட்டுப் போனால் அவளிடம் வேறு பிழைப்பு கிடையாது.

"என்னங்க, அந்தக் குழாய் வாயை மூடித் தொலைங்களேன். இல்லேன்னா ஒரு பாய்லரையாவது வரைஞ்சு மாட்டுங்க. இஸ்திரிப் பெட்டி ஐஸ் மாதிரி இருக்கு."

"பாய்லரை யார் வேணும்னாலும் வரைவாங்க. நீ இந்த வால்வு எப்படித் திறந்து மூடுதுன்னு வந்து பாரு."

"பள்ளிக்கூடத்துலேர்ந்து துணி எங்கேன்னு கேட்டா உங்க வால்வைக் காட்டட்டுமா?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் வந்தார்கள். திரையில் சக்கரம் சுற்றுவதையும் திரையின் விளிம்பில் ஆவி கசிவதையும் கண்டு ஆளாளுக்குக் கைதட்டினார்கள். வீடு குளிர்ந்து கிடந்ததால் அடுத்த வாரம் ஸ்வெட்டரோடு வந்து கைதட்டினார்கள். "தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் பெரிய மேதை" என்றார் சங்கத் தலைவர். "காபிதான் கொஞ்சம் ஆறிப்போச்சு." அவரை அந்தக் காபியாலேயே குளிப்பாட்டலாம் என்று தையல்காரிக்கு ஆத்திரம் வந்தது. ஆறின காபியால் என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை பள்ளியிலிருந்து ஆள் வந்தது. வெள்ளிக்குள் துணி வராவிட்டால் வேறு கடையைப் பார்ப்போம் என்று சொல்லிப் போனது. அவள் நடைவழியில் உட்கார்ந்து அழுதாள். அழுகிற கண்ணீர்கூடச் சூடாக வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கணவர் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போயிருந்த சமயம், தன் பழைய அறையில், அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மவுஸை அழுத்திப் பிடித்து இழுப்பதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். கோடு இழுப்பது தையல்காரிக்குப் புதிதுமில்லை. குழாயின் திறந்த வாயைப் பிடித்து, திரையின் முன்பக்கம், அவர் முகம் இருக்கும் இடத்துக்கு நேராக வருகிற மாதிரி இழுத்து விட்டாள். ஓடி முடித்த ஆவி வெளியேறும் இன்னொரு குழாய் வீணாகத் தொங்கியது. அதையும் விடுவானேன் என்று நடைவழிச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்தாள்.

அவர் திரும்பி வந்தபோது சமையலறையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, இன்ஜின் நின்றுபோயிருந்தது. யார் இதைத் தொட்டது என்று கத்தினார். அந்த மூச்சின் சூட்டுக்குச் சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. மலைத்துப்போய், தன் வடிவமைப்பின் சிறப்பைத் தனக்குத்தானே விளக்க ஆரம்பித்தார். சக்கரம் வேகம் பிடித்தது. நடைவழிச் சுவரிலிருந்து இதமான வெள்ளை ஆவி வந்து பாவாடை மடிப்புகளில் படிந்தது. இத்தனை வருட இல்லறத்தில் அவர் பேச்சால் அவளுக்குக் கிடைத்த முதல் உபகாரம் அதுதான். வெள்ளிக்கிழமை சீருடைகள் பள்ளிக்குப் போயின.

அதன் பிறகு வந்த வருடங்களில் அந்தத் தெருவில் அவளளவு மடிப்பு நிற்கத் தேய்க்கிறவர்கள் இல்லை என்று பேர் வந்தது. சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை விவாதித்தால் வாரம் முழுக்கத் தேய்க்க வந்த திரைச்சீலைகளுக்கு ஆவி போதும். காபியும் சூடாகக் கொடுத்தாள். பாய்லரை மட்டும் யாரும் வரையவில்லை.

ஒரு நாள் பிற்பகல் பேச்சு தீர்ந்துவிட்டது. சங்கத்தார் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தியிருந்தார்கள். நடைவழியில் பாதி தேய்த்த பாவாடையின் மேல் ஆவி மெலிந்து நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் அவர் அலுவலகத்தின் கடைசி நாளில் உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் சொல்லியாச்சு. இதை யார் கேக்கறாங்க?" என்றார்.

பாவாடை பாதியில் கிடந்தது. அதற்காகத்தான் கேட்டதாகப் பிற்பாடு அவள் எல்லோரிடமும் சொன்னாள். இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே சூடாக இருந்ததைச் சொல்லவில்லை.

"ஏங்க, அந்த வால்வு எப்படித் திறந்து மூடுதுன்னு எனக்கு நீங்க சொல்லவே இல்லையே?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சக்கரம் சுற்ற ஆரம்பித்திருந்தது. அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.