தூக்கிவாரிப் போடாத குழந்தை

அறுபத்தெட்டாம் வருஷம் கல்கத்தாவிலிருந்து தீவுக்கு வரும் விமானம் பத்துபஸ்திக் குடியிருப்பின் தகரக் கூரைகளை உரசாத குறையாகத்தான் இறங்கும். அந்தச் சத்தத்துக்குத் தொட்டிலில் கிடக்கும் பூங்கோதையைத் தூக்கிவாரிப் போடும். இரண்டு கைகளையும் அகல விரித்து, எதையோ கட்டிப்பிடிக்கப் போவதுபோல மடக்குவாள். ஜம்புலிங்கம் அதற்கென்றே காத்திருந்து ஆள்காட்டி விரல்களை நீட்டுவான். மகள் இறுகப் பற்றிக்கொள்வாள்.

“பாத்தியா, பயந்தா அப்பனத்தான் தேடுது,” என்பான் மனைவி சந்திரமதியிடம். பத்து மாதம் சுமந்தவள் பக்கத்திலேயே நிற்க, இந்த மனுஷனுக்கு வந்த பெருமையைப் பாருங்கள்!

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் விமானம் வந்தது, கூரை அதிர்ந்தது, பூங்கோதையின் கைகள் அசையவில்லை. நீட்டிய விரல்கள் நீட்டியபடியே நின்றன. அடுத்த விமானத்துக்கும் அதே கதைதான். ஜம்புலிங்கம் பயந்துபோனான். அவன் பார்த்ததெல்லாம் அவள் கைகளைத்தான். முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. சர்க்கார் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பது அவன் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்பே இடது காது அடைத்துப்போய்விட்டது. வலதும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. வேலை போய்விடுமென்று யாரிடமும் மூச்சு விடவில்லை. வெடிக்கு அசையாமல் நிற்பதைப் பார்த்துக் கூட வேலை செய்பவர்கள் சூரன் என்று மெச்சியபோது மீசையை நீவிக்கொண்டான். இப்போது தன் செவிட்டுக் காது மகளுக்கும் வந்துவிட்டதென்று கிணற்றடியில் நின்று அழுதான்.

“ஒரு வாரமா ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்கீக?” என்றாள் சந்திரமதி.

“பாப்பாவுக்குக் காது கேக்கல சந்திரா.”

“நேத்துக் கூப்புட்டேன், திரும்பிப் பாத்தாளே!”

“ஒன் மூஞ்சியப் பாத்துத் திரும்பியிருக்கும்.”

பயம் அவளையும் தொற்றிக்கொண்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வங்காளி டாக்டரம்மா குழந்தையைத் தாயின் மடியில் உட்காரவைத்து, எல்லோருக்கும் பின்னால் போய் ஓர் இரும்புத் தட்டைச் சிமெண்டுத் தரையில் போட்டார். சந்திரமதியின் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. பூங்கோதை கண்ணைச் சிமிட்டினாள். வாயிலிருந்த விரலை எடுத்தாள். திரும்பித் தட்டை ஒரு முறை முறைத்தாள்.

“டீக் ஹை, பில்குல் டீக்!” என்று டாக்டரம்மா சிரித்தார். காது நன்றாகவே கேட்கிறதாம். கையை விரிப்பதெல்லாம் நாலைந்து மாதம்தானாம். விழுந்துவிடாமல் தாயைப் பற்றிக்கொள்ள உடம்பு தானாகச் செய்வதாம். அப்புறம் அது மறைந்து, கண்ணும் தோளும் மட்டும் திடுக்கிடுமாம். அதுவும் பெரியவர்களைப்போல ஆக எட்டு வயதாவது ஆகுமாம். டாக்டரம்மாவின் உதட்டைப் பார்த்துப் பார்த்து ஜம்புலிங்கம் இந்தியை மனைவிக்குத் தமிழில் சொன்னான். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. என்ன நிம்மதி!

டாக்டரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு விழுந்தபோது அறையில் அசையாதவன் அவன் ஒருவன்தான்.

“அப் ஆப்கா கான் திகாயியே,” என்று அவன் காதைத் தொட்டுக் காட்டினார். இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. சந்திரமதியின் முகத்தில் ஈயாடவில்லை.

காதைச் சோதித்தபோது இரண்டு வருஷக் கதையையும் அவன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் படாக் மரத்தடியில் அவனை நிறுத்தினாள்.

“ரெண்டு வருஷமா எங்கிட்டகூடச் சொல்லல. நான் கூப்புட்டு நீங்க திரும்பாதப்பல்லாம், எம்மேல கோவம்னு நெனச்சு எத்தன நாளு அழுதிருக்கேன் தெரியுமா?”

அவன் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். அவள் இடுப்பிலிருந்த குழந்தை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பூங்கோத,” என்றான். அவனுக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகத்தான் சொன்னான்.

மகள் திரும்பி அவனைப் பார்த்தாள்.