அக்காவுக்குக் கொடுத்த தேன்

தையல்காரர் பொழுதுபோக்காக மாடியில் ஒரே ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தார். முதன்முதலாகத் தேன் எடுக்கிற ஆசையில் ஒரு தேனடைகூட விடாமல் தேனை வழித்தெடுத்து, மூன்று பாட்டில்களை நிரப்பி, அடுத்த தெருவில் இருந்த அக்காவிடம் பெருமையாகக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை; தேனீக்களால் வெளியே பறக்க முடியவில்லை.

பத்தாம் நாள் காலை மழை தூறலானதும் பெட்டியைத் திறந்தார். அடிப்பலகை முழுக்கச் செத்த தேனீக்கள். மிச்சமிருந்தவை அடையின் காலி அறைகளுக்குள் தலையை விட்டபடி அசையாமல் கிடந்தன. சர்க்கரைப் பாகு வைத்துப் பார்த்தார். ஒன்றும் நகர்ந்து வரவில்லை.

நனைந்துகொண்டே அக்கா வீட்டுக்கு ஓடினார்.

"அக்கா, அந்தத் தேனத் திருப்பிக் குடு."

"குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாங்களாடா? ரெண்டு பாட்டில அக்கம்பக்கத்துல குடுத்துட்டேனே."

"பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்க்கா."

அக்கா மிச்சமிருந்த அரை பாட்டிலையும் குடையையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். பெட்டிக்கு மேல் அவள் குடை பிடிக்க, அவர் தேனை வெதுவெதுப்பான நீரில் இளக்கி, ஒவ்வொரு தேனீயின் வாயருகிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். வெகுநேரம் கழித்து ஒன்று நாக்கை நீட்டியது. பிறகு இன்னொன்று. நாற்பது எழுந்திருக்கும்.

"பொழச்சிருச்சுடா!" என்றாள் அக்கா.

அவர் செத்த குவியலை விரலால் விலக்கிக்கொண்டிருந்தார். நீண்ட வயிற்றோடு ராணித் தேனீ அதற்குள் கிடந்தது. அது இல்லாமல் இந்த நாற்பதும் பிழைக்காது என்று அக்காவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.